பாடிக்காரர்

லாரிக்குப் பாடி கட்டுவதுதான் அவருக்குத் தொழில். கம்பெனியிலிருந்து வண்டி வெறும் எலும்புக்கூடாக வரும். இரும்பும் பலகையும் வைத்து அதற்கு உடம்பு கொடுப்பவர் இவர். ஊரே பாடிக்காரர் என்று கூப்பிட்டது. மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. எதிர்ப்புற ஜிம்முக்கு வரும் இளவட்டங்களிடம், அவர்கள் வருஷக்கணக்காக ஏற்றும் பாடியைத் தான் ஒரே மாதத்தில் ஏற்றிவிடுவதாகப் பீற்றிக்கொள்வார். துணிக்கடையில் மனைவி 'பாடி' கேட்டபோது, எத்தனை டன்னுக்கு என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். சின்ன ஆபரேஷன்தான், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பட்டறையில் கிரைண்டர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"பாடி ரெடி சார். எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?"

பெயிண்ட் அடிக்கப் போயிருந்த லாரிப் பாடி என்றே நினைத்தார். வேறென்ன நினைப்பார், பாவம்? அவர் ஆயுசில் அந்தச் சொல்லுக்கு அதுதான் முதல் அர்த்தம்.

"இன்னைக்கு முடியாதுப்பா. அங்கயே கிடக்கட்டும். என்ன, அழுகியா போயிடும்?"

சிரிப்பு வேறு. அண்ணன் திடீரென்று கண்ணை மூடியிருந்தார். பேச நா எழாத அண்ணிதான் தம்பிக்குச் சொல்லச் சொல்லி எண்ணைக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி ஊழியர் அண்ணி பக்கத்தில் நின்றுதான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

பிறகு எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பட்டறையில் யாராவது பாடி என்றால் போதும், அண்ணன் வந்து படுத்துக்கொள்வார். பலகையை அளக்கும் டேப் அண்ணனின் உயரத்தில் தானாக நின்றுவிடும். தகரத்தைத் தட்டினால் உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டுவது போலிருக்கும்.

அந்தப் பாழாய்ப்போன சொல் எங்கிருந்துதான் வந்தது என்று, கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகளிடம் கேட்டார். அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள்: அதன் வேர் யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஆதியில் தலை, கைகால் நீங்கலான முண்டத்தைக் குறித்ததாம். பிறகு உயிரோடிருப்பவனுக்கும் அதுதான், செத்தவனுக்கும் அதுதான். தட்டில் போட்ட சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அண்ணன் ஓட்டிய லாரி அண்ணி வீட்டுத் தெருவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் புதிதாக்கிக் கொடுத்தாலாவது அண்ணி ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று அவருக்கு நப்பாசை. போய் வாசலில் நின்றார். அந்தச் சொல் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து, வண்டியை எடுத்துப்போய்ச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னார்.

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"பாடி அங்கயே கிடக்கட்டும் தம்பி. என்ன, அழுகியா போயிடும்?"