மஞ்சள் அட்டை, பத்து சோல்

லிமா நகரத்தின் வடக்குக் கோடியில் ஓடும் பஸ்களில் எதெல்வினாவைத் தெரியாதவர்கள் தூங்குமூஞ்சிகள் மட்டும்தான். அவர்களையும் அவள் எழுப்பிவிடுவாள். நாற்பத்தாறு வயது, தோளில் சாக்குப் பை, பைக்குள் திருட்டுப் பதிப்புப் புத்தகங்கள். ஏதோ ஒரு மாடியறையில் அச்சடித்து, அட்டையைக் கோணலாக ஒட்டி, கண்ணாடித் தாளில் சுற்றி வருபவை. கடையில் அசல் வாங்குகிற காசுக்கு ஒரு குடும்பமே முழுக்கோழி வாங்கிச் சாப்பிடலாம். இவளிடம் பத்து சோல் நோட்டு ஒன்று போதும்.

வேலை பார்த்த தையல் ஆலை மூடியதும் முதலில் மிட்டாய் விற்றாள். மிட்டாய் வெயிலில் உருகியது, பசித்தால் அவளே தின்றும்விட்டாள். புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எந்தப் புத்தகமானாலும் முதல் பத்துப் பக்கம்தான் படிப்பாள்.

"முழுசாப் படிச்சா மனசு அதுலயே கிடக்கும். அப்புறம் யாரு விக்கிறது?" என்பாள்.

அந்த வருடம் நன்றாகப் போனது மஞ்சள் அட்டை போட்ட 'மஞ்சள் சீட்டு' என்ற நாவல். வரப்போகிற காலம். ஒரு நாடு. மாதாமாதம் வாசலில் ஒரு மஞ்சள் சீட்டு வந்து விழும். அதில் ஒரு தொகை எழுதியிருக்கும். கட்டினால் அடுத்த சீட்டு வரை உயிரோடு இருக்கலாம்.

"வரப்போகிற காலம்" என்று அவள் சொன்னதுமே பஸ்ஸில் சிரிப்பு கிளம்பும்.

"எழுதியே குடுக்கிறாங்களா?" என்றாள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒருத்தி. "அப்ப அது நல்ல நாடுதான். எங்க தெருவுல போன்லதான் மிரட்டுறானுங்க. ஒரு துண்டுத் தாள் கிடையாது."

"எழுதினவன் எங்க பக்கத்து வீட்டுக்காரனா இருப்பான்," என்றார் ஒரு செருப்புக் கடைக்காரர். "என்னைக் கேட்டிருந்தா இன்னும் நாலு அத்தியாயம் சொல்லியிருப்பேன்."

கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி புத்தகம் வாங்கிப்போய், அடுத்த வாரம் அதே பஸ்ஸில் அகப்பட்டாள். "பயமா இருந்துச்சாம்மா?" என்று எதெல்வினா கேட்டாள்.

"இல்லக்கா. பொறாமையா இருந்துச்சு. அவங்களுக்கு யாருக்குக் கட்டணும்னாவது தெரியுது."

அந்தப் பெண் சொன்னதும் சரிதான். ஊரில் மாமூல் கட்டாமல் ஓடுகிற பஸ் இல்லை. கட்டினால் முன்கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். ஒரு கும்பலுக்குச் சேவல் படம், இன்னொன்றுக்கு நட்சத்திரம். ஸ்டிக்கர் இல்லாத வண்டியின் டிரைவருக்கு வீட்டில் சோறு எடுத்து வைப்பது வீண்.

இதையெல்லாம் பார்த்துத்தான் எதெல்வினா ஒரு குறும்பு கண்டுபிடித்தாள். புத்தகம் என்று முதலில் சொன்னால் எவனும் தலையைத் தூக்குவதில்லை. அதனால் ஏறியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் முதல் பக்கத்தை அப்படியே ஒப்பிப்பாள்.

"உங்க பேரு எங்களுக்குத் தெரியும். உங்க புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகுதுன்னும் தெரியும். அஞ்சாந்தேதிக்குள்ள கட்டிடணும்."

பிறகு மனதுக்குள் மூன்று எண்ணுவாள். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மூன்று முடிந்ததும், "அப்படின்னு ஆரம்பிக்குது இந்தப் புத்தகம், பத்தே சோல்!" என்பாள். குபீரென்று சிரிப்பு கிளம்பும். சிலர் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே வாங்குவார்கள். அவர்கள் காசு கொடுத்தது கதைக்கு இல்லை, திரும்பி வந்த மூச்சுக்கு.

ஆகஸ்ட் நான்காம் தேதி, வானம் பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்த காலையில், அவள் வழக்கமாக ஏறும் பஸ்கள் ஓடவில்லை. ஒரு டிரைவரைச் சுட்டுவிட்டார்கள் என்று வேலைநிறுத்தம். அதனால் இதுவரை ஏறியிராத, பச்சைக் கோடு போட்ட ஒரு பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் சத்துர்னினோவுக்கு ஐம்பது வயதிருக்கும். எதிரே கண்ணாடியில் ஒரு குழந்தைச் செருப்பு தொங்கியது, பக்கத்தில் சேவல் ஸ்டிக்கர்.

அவள் ஒப்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று வருவதற்குள் பஸ் கிறீச்சிட்டு நின்றது. சத்துர்னினோ இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து அவள் பைக்குள் திணித்தார்.

"முழுசா இருக்கும்மா, நானூறு. அறுபத்தி மூணாம் நம்பர் வண்டின்னு மட்டும் சொல்லிடுங்க. புள்ளய வேற பள்ளிக்கூடத்துல போட்டோம். அதையும் கண்டுபிடிச்சிட்டீங்க."

"ஐயோ வாத்தியாரே, இது புத்தகம்! கதை!"

"தெரியும்மா, கதைதான். நான் யாரையும் பார்க்கல." கதவு திறந்தது. பயணிகள் எல்லாரும் தங்கள் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதெல்வினா இறங்கினாள். பஸ் போய்விட்டது.

நடைபாதையில் உறையோடு நின்றபோது ஒரு நிமிடம் வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன், இரண்டு நிமிடம் வந்தது. அப்புறம்தான் தேதி உறைத்தது. நாளைக்கு ஐந்தாம் தேதி. உண்மையானவன் நாளைக்கு வருவான். 'கட்டியாச்சே' என்பார் இந்த மனிதர். போலீஸிடம் சொல்லலாம்தான். ஆனால் போலீஸுக்கும் ஒரு ஐந்தாம் தேதி உண்டு.

அடுத்த பச்சைக் கோடு பஸ்ஸைப் பிடித்து, அவை போய் நிற்கும் மலையடிவாரத்துக் கடைசி நிறுத்தத்துக்குப் போனாள். டிரைவர்கள் தள்ளுவண்டி அருகே நின்று சூடான மூலிகைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாக்குப் பையைப் பார்த்ததும் சத்துர்னினோ தம்ளரைக் கீழே வைத்தார்.

"பணத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன்," என்றாள்.

"திருப்பிக் குடுக்கிறாங்களாம்டா!" என்றான் ஒருவன். "அப்ப தொகையைக் கூட்டப் போறாங்க." மற்றவர்கள் மெல்ல நகர்ந்து தங்கள் வண்டிகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

எதெல்வினா ஒரு புத்தகத்தின் கண்ணாடித் தாளைக் கிழித்து முதல் பக்கத்தை விரித்து நீட்டினாள். சத்துர்னினோ ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். அவள் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது.

"அட, அச்சே போட்டுட்டீங்களா?" என்றார்.

"எங்க அம்மா மேல சத்தியம், நான் புத்தகம் விக்கிறவ. பணத்தை எடுத்துக்கோங்க. நாளைக்கு நிஜமா வர்றவன்கிட்டக் குடுங்க."

"எடுத்தா நான் கட்டலைன்னு ஆயிடும். சோதிச்சுப் பார்க்கிறீங்க. நான் மாட்ட மாட்டேம்மா."

அவள் உறையை அவர் பஸ்ஸின் டிரைவர் இருக்கையில் வீசிவிட்டு நடையைக் கட்டினாள். அவர் உறையோடு பின்னாலேயே ஓடிவந்தார். நடுத்தெருவில் அவள் முன்னால் மண்டி போட்டார். "எங்களை விட்டுடுங்கம்மா, ஒரே பொண்ணு," என்றார். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அழுகையை நிறுத்தத்தான் உறையை வாங்கினாள். அதுதான் அவள் செய்த தப்பு என்று பிறகு தனக்குத்தானே நிறையத் தடவை சொல்லிக்கொண்டாள். வாங்காமல் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அவர் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. மஞ்சள் அட்டையை மட்டும் பக்குவமாகக் கிழித்து, முன்கண்ணாடியில் சேவலுக்கு மேலேயே ஒட்டினார். மிச்சத்தைச் சட்டைப் பைக்குள் மடக்கிச் செருகிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, சந்தையில் சூப் கடை டிவியில் எதெல்வினா அந்த அட்டையைப் பார்த்தாள். கோணலாக ஒட்டியிருந்தது. அதன் நடுவில் இரண்டு ஓட்டைகள். சேவல்காரர்கள் அவர் வேறு கும்பலுக்கு மாறிவிட்டதாக நினைத்தார்கள் என்று டிவிக்காரன் சொன்னான். கடைக்காரி, "சூப் ஆறுது," என்றாள்.

மறுநாள் அவள் உறையை எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள். மேட்டில், தகரக் கூரை வீடு. சத்துர்னினோவின் மனைவி சொராய்தா வாசலுக்கு வந்தாள். சாக்குப் பையைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"இன்னுமாம்மா? ஆளே போயிட்டாரே."

எதெல்வினா வரும் வழியெல்லாம் ஒரு பேச்சு யோசித்து வைத்திருந்தாள். வாசலில் எரிந்த மெழுகுவத்திகளுக்குப் பக்கத்தில் உறையை வைத்தாள். "இது உங்க வீட்டுக்காரர் பணம். அந்தப் புத்தகத்தை விக்கிறவ நான். வேற யாரும் இல்ல," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

 சொராய்தா உள்ளே போய், அட்டையில்லாத புத்தகத்தை எடுத்துவந்தாள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

"சிக்னல் விழுந்தாப் போதும், இதைத்தான் படிப்பாரு," என்றாள். "'இதுல என்னை மாதிரியே ஒருத்தன் இருக்கான் சொராய்தா. அவன் என்ன பண்றான்னு பார்த்துட்டு நாமளும் அதையே பண்ணலாம்'னாரு. அவன் தப்பிச்சானா?"

அந்தக் கதையை எதெல்வினா எத்தனையோ பஸ்களில் சொல்லியிருக்கிறாள். கணக்கே இல்லை.

"நான் பத்துப் பக்கந்தாம்மா படிச்சிருக்கேன்."

சொராய்தா ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "அப்ப உட்காருங்க. படிச்சுச் சொல்லுங்க."

சவப்பெட்டியைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதெல்வினா டிக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அறுபத்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள். விற்கிற குரல் வரவில்லை, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற குரல்தான் வந்தது.

"'பணம் கட்டியவன் என்று ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று, அவன் அந்த மஞ்சள் சீட்டைத் தன் வாசற்கதவில் ஒட்டினான்.'"

அடுத்த வரியை அவள் கண்ணால் படித்தாள். வாயால் படிக்கவில்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ம், அப்புறம்?" என்றாள் சொராய்தா.