துறையூரில் பாலை ஐஸாக்கியது யார்?

"சார், டேங்குல பால் ஐஸாயிடுச்சு! ஸ்கிரீன்ல அஞ்சு டிகிரின்னே காட்டுது, கம்ப்ரசர் நிக்கவே மாட்டேங்குது!"

போனில் கத்தியவர் செல்வி, துறையூர் பால் குளிரூட்டும் நிலையத்தின் பொறுப்பாளர். கம்ப்ரசரை ஓட்டும் புரோகிராம் தென்னூர் ஆபீஸில் நான் எழுதியது. அதற்குள் ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினையும் வைத்திருந்தேன். வாடிக்கையாளரே நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லலாம். இந்த வசதியைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் என் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன். பாவம், அவரால் டியூட்டியை விட்டு எழுந்து போக முடியாது.

மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பால் சங்கத் தலைவர் செல்வியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஊரே கறந்து ஊத்துன பாலும்மா! நாளையிலேருந்து நீ வர வேணாம்."

என் முதலாளி போனில் வந்தார். "அந்தம்மா எழுதுன ஸ்கிரிப்டுதான் தப்புன்னு ரிப்போர்ட் குடுத்துட்டு வந்துருங்க சார்."

நானும் அதே நினைப்பில்தான் ஸ்கிரிப்டைத் திறந்தேன். 'நாலு டிகிரி வரும்வரை கம்ப்ரசரை ஓட்டு' என்று செல்வி எழுதியிருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். கோளாறு என்னுடையது. ஸ்கிரிப்ட் முடிந்தால்தான் அதை ஓட்டும் என் புரோகிராம் வெப்பநிலை சென்சாரை மறுபடி படிக்கும். படித்த அளவு மாறினால்தான் ஸ்கிரிப்ட் முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்தன. பால் காத்திருக்கவில்லை.

இத்தனை கட்டளைக்கு மேல் ஓடினால் ஸ்கிரிப்டை நிறுத்து என்று ஒரு வரம்பு வைத்திருக்கலாம். வைத்தால் புரோகிராமின் வேகம் குறையுமாம். வைக்காத மேதாவி நான்தான்.

"இப்படி எழுதக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்களா சார்?" என்றார் செல்வி.

"இல்லம்மா."

"புக்குலயாவது போட்டிருக்கா?"

"புக்கே போடலம்மா."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. முதலாளி மேல் கொஞ்சம், என் மேல் மிச்சம் எல்லாம். 'தவறு எங்கள் புரோகிராமில். ஸ்கிரிப்டில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைவரிடம் கொடுத்தேன். முதலாளிக்கும் போனில் சொன்னேன்.

"யாரைக் கேட்டு கையெழுத்து போட்டீங்க?"

"ஹேங் ஆகறதுக்கு முன்னாடி என் புரோகிராம் உங்களையா கேட்டுச்சு?"

தலைவர் இரண்டு முறை படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செல்வியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சாயங்காலப் பால் வந்துரும். டேங்கைக் கழுவச் சொல்லும்மா."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்தவர் எழுதுவதை உங்கள் புரோகிராமுக்குள் ஓடவிட்டால், வரம்பு போடுவது உங்கள் வேலை. போடாமல் விட்டுவிட்டு, 'யூசர் எரர்' என்று எழுதக் கை போகிறதா? அந்தக் கையை ஐஸ் பாலுக்குள் ஒரு நிமிடம் விட்டுவிட்டு, பிறகு எழுதுங்கள்.