சுகம் விசாரிக்கப் போனவர்கள்

கல்முனையில் கீழே புடவைக்கடை, மேல்மாடியில் எங்கள் வகுப்பு. சனிக்கிழமைகளில் நிந்தவூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மருத்துவ உளவியலின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஆசிரியைகள், மற்றவர்கள் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள். நல்ல பிள்ளைகள். அந்த நல்ல குணம்தான் எனக்குத் தலைவலி. யாருக்காவது கண் கலங்கினால் போதும், “ஸபூர் செய்யிங்க, பொறுமையா இரிங்க” என்று முதுகைத் தடவி வாயை அடைத்துவிடுவார்கள். அழுகிறவளை அழவிட்டுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க இவர்களைப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பயிற்சிக்காக ஒருத்தி துணைநாடியாக, அதாவது உதவி தேடி வந்தவளாக, நடிப்பாள். இன்னொருத்தி கேட்பாள். சொந்தக் கதை சொல்லக் கூடாது, கற்பனைதான். வகுப்பில் கேட்டதை வெளியே யாரிடமும் கதைக்கவும் கூடாது.

அன்றைக்குத் துணைநாடியாக உட்கார்ந்தவள் சாய்ந்தமருது ஊர்ப் பிள்ளை. கலியாணம் பேசி முடித்து, அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கிற வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

“வுளு எடுத்து முடியக்குள்ள கை சரியா நனையல்ல எண்டு தோணும்,” என்று, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதைப் பற்றித் தொடங்கினாள். “திரும்ப முதல்ல இரிந்து கழுவுவன். பொறகும் சந்தேகம். தொழுகைக்கு நேரம் போயிரும். பைப்படியிலயே இரிந்து அழுவன்.”

ஊரில் இதை வஸ்வாஸ் என்பார்கள். ஷைத்தான் போடுகிற சந்தேகம் என்று ஓதச் சொல்வார்கள். நான் பலகையில் எழுதி விளக்கினேன். சந்தேகம் பயத்தைக் கொண்டுவருகிறது. கழுவினால் பயம் கொஞ்சம் தணிகிறது. அந்தத் தணிவுக்காகவே மனம் மறுபடியும் கழுவச் சொல்கிறது, அதனால் கழுவக் கழுவச் சந்தேகம் வளர்கிறது. கழுவாமல் அந்தப் பயத்தோடு இருந்து பழகுவதுதான் சிகிச்சை. சொல்லிக்கொண்டே அவளுடைய கைகளைப் பார்த்தேன். விரலிடுக்குகள் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தன. கற்பனைக் கதைக்குக் கை வெடிக்காது.

எல்லோரும் போன பிறகு அவளை மறித்துக் கேட்டேன். “இது நடிப்பில்லத்தானே மகள்?”

“இல்ல மிஸ்,” என்றாள். பிறகு, “கலியாணத்துக்கு முந்தி மாறிருமா?”

உடனே மாறாது, ஆனால் மாறும் என்றேன். ஊர்க்கண் படாத மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த ஒரு மனநல வைத்தியர் இருந்தார். அவரிடம் கூட்டிப் போகிறேன் என்றதும் சரியென்று தலையாட்டினாள். போகும்போது முகம் தெளிந்திருந்தது. எனக்கும் அன்று மனம் நிறைந்திருந்தது.

ஆனால் அந்தக் கைகளை வகுப்பும் பார்த்திருந்தது. அடுத்த நாளே கூடப் படிக்கிற பெண்கள் சிலர் அப்பிளும் பிஸ்கட்டும் மக்காவிலிருந்து வந்த ஒரு சின்னப் போத்தல் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டு அவள் வீட்டுக்குச் சுகம் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். பெயின்ட் வேலை பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா அப்போது வீட்டில் இருந்திருக்கிறார். “வஸ்வாஸ் எண்டு கவலப்படாதீங்க மாமி, அதுக்கு வைத்தியம் இரிக்கி,” என்று பெண்ணின் உம்மாவுக்கு அவர்கள் ஆறுதல் சொன்னதை அவரும் கேட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் போன பெண்களைக் கிழி கிழியென்று கிழித்தேன். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: “நாங்க வெளிய ஒருத்தருக்கும் சொல்லல்ல மிஸ். அவட ஊட்டுக்குத்தானே போன. சுகமில்ல எண்டு தெரிஞ்சிட்டும் எட்டிப் பாக்காம எப்பிடி இரிக்கிற?” நோயாளியைப் பார்க்கப் போவது ஸுன்னத், நபி காட்டிய வழி, என்று சின்ன வயதிலேயே கற்றவர்கள் நாங்கள். போகாமல் இருப்பதும் ஒரு உதவிதான் என்று என் பாடத்தில் எங்கேயும் இருக்கவில்லை.

அந்தக் கிழமையே அவளும் உம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். உம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

“மாப்பிள்ளட உம்மா உங்களட்டக் கேக்கிற எண்டு நிக்காங்க மிஸ். வகுப்புக்காக நடிச்சதுதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க.”

நான் மகளைப் பார்த்தேன். “உனக்கு என்ன விருப்பம்?”

“நடிப்பு எண்டே சொல்லுங்க மிஸ்.”

“அப்ப மட்டக்களப்புக்கு?”

“கலியாணம் முடியட்டும்.”

அவளுடைய நோய் அவளுடையது. அதைச் சொல்வதும் மறைப்பதும் அவள் உரிமை. இதை நான்தான் வகுப்பில் படிப்பிக்கிறேன். படிப்பிக்கிறபோது இவ்வளவு கசக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா போன் எடுத்தபோது, “ஓம், அது வகுப்புக்கு நடிச்சது,” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அல்ஹம்துலில்லாஹ். நல்லா நடிச்சிரிக்கா புள்ள.”

கலியாணம் முடிந்து வகுப்புக்குத் திரும்பியவள் எல்லோருக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். மணிக்கட்டு வரைக்கும் மருதோண்டி. வெடிப்புகளுக்குள் சாயம் இறங்கி, விரலிடுக்குகளில் அந்தக் கோடுகள் மட்டும் கறுத்துத் தெரிந்தன. வகுப்பு கலைந்ததும் பக்கத்தில் போனேன்.

“எப்ப போவம் மகள்?”

“எங்க மிஸ்?”

“மட்டக்களப்புக்கு.”

அவள் சட்டைக் கையை விரல்கள் வரை இழுத்துவிட்டுச் சிரித்தாள். “அது நடிப்புத்தானே மிஸ்.”

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னது. வுளு எடுத்துவிட்டு வருகிறேன் என்று கைப்பையை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். கீழே அவளுடைய மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் ஹோனை அடித்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். பைப் மூடிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்தது.