இறக்கை கை கொடுத்தது

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை சமயத்தில், பெங்களூருவிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ஒரு சின்ன விமானத்தில் நடந்தது இது. என் கணவரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓசூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்து விமானத்தில் டிக்கெட் போட வைத்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். லாரியில் ஏற்றும் முன் உதிரி பாகங்களைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று பிரிக்கிற வேலை. எதைப் பார்த்தாலும் 'இதில் என்ன கோளாறு?' என்றுதான் என் புத்தி முதலில் போகும். வீட்டிலும் அப்படித்தான். அவர் இருமினால் சந்தேகம், இருமாமல் கம்மென்று இருந்தால் அதைவிடச் சந்தேகம். நெஞ்சு வலியை மறைக்கிறாரோ என்று முகத்தையே உற்று உற்றுப் பார்ப்பேன். "ஏட்டி, நான் என்ன மாம்பழமா, அமுக்கி அமுக்கிப் பாக்க?" என்று கேட்பார்.

அவர் தூத்துக்குடிப் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்தவர். எனக்கு அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையம். எங்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்துதான் புழங்கும். இவருக்குக் கன்னடம் சுத்தமாக வராது. யாராவது பேசினால் ஈ என்று சிரித்துவைப்பார். எனக்கும் என் அம்மாவுக்கும் அது ரொம்ப வசதி. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எது வேண்டுமானாலும் கன்னடத்தில் பேசிக்கொள்வோம்.

அந்த விமானம் பக்கத்துக்கு ஒரு காற்றாடி சுற்றும் ரகம். எங்களுக்கு முன்வரிசை. நான் இடது ஜன்னலோரம். தலைக்கு மேலே, கொஞ்சம் பின்னால் இறக்கை தெரிந்தது. அதன் முன் விளிம்பு நெடுக ஒரு கறுப்பு ரப்பர் பட்டை, அதில் ஆங்காங்கே ஒட்டு. இதை எவன் பாஸ் பண்ணினான் என்று அப்போதே மனசுக்குள் முணுமுணுத்தேன்.

ஏறிக் கொஞ்ச நேரத்தில் விமானம் கரிய மேகத்துக்குள் புகுந்தது. அந்த ரப்பர் மேல் வெள்ளையாக ஏதோ படிய ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்கு மேலே ஐஸ் கட்டும் என்று யார் நம்புவார்கள்? பெயிண்ட்தான் உரிகிறது என்று நினைத்தேன். திடீரென்று 'டொம், டொம்' என்று யாரோ வெளியே கல்லெறிகிற மாதிரி சத்தம். பணிப்பெண்ணிடம் கேட்டேன். "ஒன்றுமில்லை மேடம்" என்று சிரித்தாள். ஆடிட் நாளில் எங்கள் சூப்பர்வைசர் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

அடுத்து அவள் என் மேலே குனிந்து ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்தாள். பிறகு எங்களுக்கு எதிரே இருந்த போனை எடுத்து, விமானியிடம் மெல்லிய குரலில் சொன்னாள்: "சார், எட ரெக்கெ கை கொட்டிதெ."

விமானம் முழுக்கத் தமிழ்க்காரர்கள். புரியக் கூடாது என்றுதானே கன்னடத்துக்குப் போனாள்? தமிழில் கை கொடுத்தது என்றால் உதவியது. கன்னடத்தில் கை கொட்டிதெ என்றால் நேர் எதிர், நட்டாற்றில் விட்டுவிட்டது என்று அர்த்தம். இடது இறக்கை காலை வாரிவிட்டது என்கிறாள்!

இவர் என் தோளை இடித்தார். "என்ன சொல்லுதா அந்தப் பிள்ள? ரெக்க கை கொடுத்திருக்குன்னா? நல்ல சேதிதான."

"ஆமாங்க, எல்லாம் நல்லாத்தான் போவுதாம். நீங்க கம்முனு கண்ண மூடிகினு தூங்குங்க" என்றேன். அவரும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளைக் கூப்பிட்டுக் கன்னடத்தில், எதையும் மறைக்காமல் சொல் என்று கேட்டேன். பாவம், திடுக்கிட்டுப் போனாள். குந்தி உட்கார்ந்து கிசுகிசுத்தாள். மேகத்துக்குள் போகும்போது இறக்கையில் ஐஸ் கட்டுமாம். அந்த ரப்பர் அவ்வப்போது காற்றில் உப்பி அதை உடைத்துத் தள்ள வேண்டுமாம். வலது பக்கம் உப்புகிறது, இடது பக்கம் உப்பவில்லை. காற்றாடியில் கட்டிய ஐஸ்தான் தெறித்து விமானத்தின் மேல் அடிக்கிறது. விமானி மேகத்தை விட்டுக் கீழே, வெப்பமான காற்றுக்கு இறங்குகிறார், அங்கே தானாக உருகிவிடும் என்றாள். நான் நம்பவில்லை. கஸ்டமரைச் சமாளிக்கச் சொல்லிக் கொடுத்த பேச்சு மாதிரியே இருந்தது. ஆனாலும் கெஞ்சினேன். என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் கோளாறு, அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கன்னடத்திலேயே சொன்னேன். தலையாட்டினாள். விமானி அவளையும் பெல்ட் போட்டு உட்காரச் சொல்லியிருந்தாராம். ஐஸ் உதிர்கிறதா என்று பார்த்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

'வானிலை காரணமாக உயரத்தைக் குறைக்கிறோம்' என்று அறிவிப்பு வந்தது. விமானம் ஒரு பக்கமாக உதறியபடி இறங்கியது. நான் அந்த வெள்ளைப் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாமி, அவர்கள் ஊர்ச் சாமி, ஒருத்தரையும் விடவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. மேகம் விலகி, கீழே ஈரமான செம்மண் தெரிந்தது. சற்று நேரத்தில் ஒரு துண்டு ஐஸ் பெயர்ந்து பறந்தது, அப்புறம் இன்னொன்று. நான் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

கொஞ்சம் ஐஸ் மிச்சமிருந்தாலும் இருக்கும், அதனால் வேகத்தைக் குறைக்காமல்தான் இறக்குவார்கள், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நான் அதையும் சந்தேகப்பட்டேன். பிரேக்கும் போச்சு, அதைத்தான் மறைக்கிறாள் என்றே முடிவு கட்டியிருந்தேன். சக்கரம் தரையில் பட்டு, விமானம் திமிறி நின்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

இறங்கும்போது வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். என் கணவர் அவள் முன் நின்று, கும்பிட்டு, கணீரென்று சொன்னார்: "ரெக்கெ கை கொட்ரூ நீவு கை பிடலில்லம்மா."

இறக்கை ஏமாற்றினாலும் நீங்கள் கைவிடவில்லை என்று அர்த்தம். அட்சர சுத்தமான கன்னடம்! நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?"

"இத்தன வருசமா ஓசூர்ல இருக்கேன், விளங்காதாட்டி? ஒங்கம்மா என்னைய உப்பில்லாத சாம்பார்னு சொன்னதும் விளங்கும். விளங்காதவன்னு இருந்தா வீட்ல சண்ட வராதுல்லா."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்போ கை கொடுத்திருக்குன்னு என்னாத்துக்குச் சொன்னீங்க?"

"நீ வெலவெலத்துப் போயிருந்த. நானும் பயந்தா நீ என்ன செய்வ?" என்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு சொல்லுதேன், கத்தாத. எறங்கும்போது நெஞ்சப் புடிச்சிச்சு. நீ ரெக்கையவே பாத்துக்கிட்டு இருந்தல்லா, அப்ப நாக்குக்கு அடியில மாத்திரைய வச்சிட்டேன். இப்ப பரவால்ல."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கல்யாண வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை வைத்தது நல்லதாய்ப் போயிற்று என்றார் டாக்டர். மறுநாள் தாலி கட்டும் நேரத்துக்குத்தான் மண்டபத்துக்குப் போக முடிந்தது.

ஊரையே சந்தேகப்படுகிறவள் நான். தினம் தினம் அவர் முகத்தைச் சோதித்தவள், சோதிக்க வேண்டிய அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். அவர் பயந்துவிடக் கூடாது என்று நான் பொய் சொன்னேன், நான் பயந்துவிடக் கூடாது என்று அவர் பொய் சொன்னார். அந்த இரண்டு பொய்க்கும் நடுவில் அவர் உயிர் போயிருந்தால், பக்கத்து சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தே இருக்காது என்பதை நினைத்து, இன்றைக்கும் ராத்திரியில் எழுந்து அவர் மூச்சைக் கவனித்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறேன்.