எடுக்காமல் விட்டது

கட்டியைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் விரல். பதினெட்டு வருடமாக பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்துத் தையல் ஓரமாக விரலை ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத முடிச்சுகூடச் சிக்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கத்தில் அப்படி ஒன்று சிக்கியது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கேன், ஊசி டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரியில் சர்ஜன் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசினார். கன்னடக்காரர், தமிழ் நன்றாக வந்தது. ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்றார். இரண்டு வழி இருக்கிறதாம். கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்துவிட்டு, ஐந்து வாரம் தினமும் வந்து கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்துக்கொள்வது ஒன்று. மார்பையே முழுதாக எடுத்துவிடுவது இன்னொன்று. அப்போது கரண்ட் பெரும்பாலும் தேவைப்படாது. உயிருக்கு இரண்டிலும் ஒரே பலன். மார்பை வைத்துக்கொண்டால் அதே இடத்தில் திரும்பி வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இத்தனையும் சொல்லிவிட்டு ஃபைலில் எங்கள் கோலார் தங்கவயல் விலாசத்தைப் பார்த்தார்.

“கேஜிஎஃப்பா? அவ்ளோ தூரத்திலேர்ந்து தினமும் எங்க வருவீங்க? முழுசா எடுத்துடலாம். ஒரே வேலையா முடிஞ்சிடும்.”

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சந்தேகம் வந்த பார்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுவார். இங்கே மாட்டுவதற்குப் புதிது இல்லை என்பதுதான் வித்தியாசம். அவர் ஆட்டியதைப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

மறுநாளே ராபர்ட்சன்பேட்டையிலிருந்து என் நாத்தனார் ஆப்பிளும் அறிவுரையுமாக வந்து இறங்கினார்.

“இன்னாத்துக்கு இனிமே அது உனக்கு? பேத்திக்கா பால் குடுக்கப் போறே? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு. வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்காத.”

ஓசூரில் இருக்கும் மகளும் போனில் அதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னாள். ஆக, என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் வெட்கம். ஐம்பத்திரண்டு வயதில், பேத்தி எடுத்த பிறகு, எனக்கு அது வேண்டும் என்று எப்படிச் சொல்வது? புருஷனுக்காக இல்லை, யார் பார்வைக்காகவும் இல்லை. என்னுடையது, எனக்கு வேண்டும். இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலே முகம் சூடானது.

ஆபரேஷனுக்குத் தயாராவதும் ஊருக்குப் போகத் தயாராவதும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு வாங்கினேன். பருப்புப்பொடியும் ரசப்பொடியும் அரைத்து டப்பாவில் போட்டு, எந்த டப்பாவில் எது என்று அவருக்குப் பேப்பர் ஒட்டி வைத்தேன். இருபது வருடமாகக் கழற்றாத மூக்குத்தியைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகி எடுத்தேன். காலை ரயிலில் என்னோடு வருகிற பெண்களிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். கர்ப்பப்பை என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். எங்கள் பெட்டியில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

மூன்று நாள் முன்னதாக ரத்த டெஸ்டுக்கும் மயக்க டாக்டரைப் பார்க்கவும் போயிருந்தோம். சின்ன டாக்டரம்மா ஒரு படிவத்தை நீட்டி, இங்கே கையெழுத்து என்றார். இடது மார்பு முழுவதும் என்று அச்சில் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமா என்று கேட்டார்.

“பயமில்ல டாக்டர். எனக்கு முழுசா எடுக்க வேணாம்.”

சர்ஜனைக் கூப்பிட்டார்கள். ஐந்து வாரம் தினமும் வர முடியுமா என்று அவர் மறுபடியும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எவன் போடப்போற சட்டைக்கோ நூல் வெட்ட பதினெட்டு வருஷமா தெனம் அந்த ரயில்ல வரேன் டாக்டர். எனக்காக அஞ்சு வாரம் வரமாட்டேனா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, வெட்டிய ஓரத்தை அங்கேயே டெஸ்ட் செய்து பார்ப்போம், சரியில்லை என்றால் மேலும் எடுக்க வேண்டி வரும், முழுதும் எடுக்கவும் நேரலாம், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து என்றார். போட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நெஞ்சு முழுக்கக் கட்டு. கை வைத்துப் பார்த்தேன்; பஞ்சும் பிளாஸ்திரியும்தான் தட்டுப்பட்டது, கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வந்து, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நல்லபடி என்றால் எந்தப்படி? அவர் வெளியே போன பிறகு நர்ஸின் கையைப் பிடித்தேன்.

“சிஸ்டர், அது கீதா, எடுத்துட்டாங்களா?”

“இருக்கும்மா. நல்லா இருக்கு.”

அப்போதுதான் அழுதேன். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அதுவரை அழவில்லை.

வீட்டுக்கு வரும்போது அக்குளுக்குக் கீழே ஒரு டியூப், அதன் நுனியில் ஒரு பாட்டில். பாட்டிலை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடமாடினேன். காலையும் மாலையும் அதில் சேர்ந்த நீரை அளந்து கொட்டியது என் வீட்டுக்காரர்தான். சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் தூசு வரும் என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவார். சுவரில் விரலால் ஏறி ஏறிக் கையைத் தூக்கும் பயிற்சி எனக்கு. முதல் வாரம் சுவிட்ச் போர்டுக்குமேல் விரல் போகவில்லை.

எல்லாம் செய்தார், ஆனால் பேசவில்லை. உப்பு போதுமா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். விடியும்போதே எழுந்து நடக்கப் போய்விடுவார், வெயில் ஏறித்தான் திரும்புவார். தன் பேச்சை மீறிவிட்டேன் என்கிற கோபம் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கும் வீம்பு வந்தது. என் உடம்பு, என் முடிவு, இதில் இவருக்கு என்ன ரோஷம்? நானும் உப்பு, மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன்.

புண் ஆறியதும் கரண்ட் வைக்க வரச் சொன்னார்கள். கீமோ வேண்டியதில்லை, மாத்திரை போதும் என்றார்கள். பழைய ரயில், பழைய பெட்டி. விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே ஏறியிருந்தது. யாரும் கர்ப்பப்பையைப் பற்றி விசாரிக்கவில்லை. ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு, என் இடது கையில் யாரும் இடிக்காதபடி பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, அவர்கள் பாட்டுக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டு வந்தார்கள். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று எத்தனை சொல்லியும் என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. தினமும் எதிர் சீட்டில், ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பங்காருபேட்டையில் வண்டி நின்றபோது டீ வாங்க இறங்கினார். ஃபைல் சீட்டில் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். செக்கிங் சீட்டு படித்துப் படித்து எனக்கு எழுத்துக்கூட்டுகிற அளவுக்கு இங்கிலீஷ் வரும். ஆபரேஷன் அன்று எழுதியது ஒரு பக்கம். ஒரு ஓரம் சந்தேகம் என்று இருந்தது. அதற்குக் கீழே, கணவரிடம் கேட்கப்பட்டது என்று இருந்தது.

இரண்டு கையிலும் டீயோடு வந்தார். மடியில் ஃபைல் திறந்திருந்ததைப் பார்த்தார்.

“ஆபரேஷன் நடுவுல உங்கள வந்து கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“இன்னா கேட்டாங்க?”

“ஒரு ஓரம் சரியில்ல, இன்னும் கொஞ்சம் வெட்டி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம், இல்ல முழுசா எடுத்துடலாம், சீக்கிரம் சொல்லுங்கன்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“அவ இன்னா சொன்னாளோ அதச் செய்ங்கன்னேன். அப்புறம் வெட்டினது சுத்தமா கீதுன்னு வந்துச்சு.”

“உங்களுக்கு எடுத்துடணும்னுதானே இருந்துச்சு?”

“இப்பவும் அதான்.” ஒரு டீயை என்னிடம் நீட்டினார். “நாளைக்கு எதனா ஆச்சுன்னா, அன்னிக்கு வாயத் தொறந்து எடுத்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேன்னு நான்தான் நெனச்சிக்கினு கெடக்கணும். தூக்கமே வர்லமா எனக்கு.”

பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைக்காயைவிட்டுத் தலை தூக்கவில்லை. வண்டி கிளம்பியது. இத்தனை நாள் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். அவரை வீம்புக்குப் பேச்சில் பட்டினி போட்ட மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு அவமானமாக இருந்தது. டீயைக் குடித்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். இரண்டு தடவை போய் வந்தாயிற்று, இரண்டும் சுத்தம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது நான் ரிப்போர்ட்டையோ டாக்டரையோ பார்ப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கிற என் வீட்டுக்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். கட்டி மறுபடி வந்துவிடக் கூடாது என்று முன்பு எனக்காக வேண்டிக்கொண்டேன். இப்போது, அது வந்தால் இந்த மனிதர் தன்னை மன்னித்துக்கொள்ளமாட்டாரே என்பதற்காக வேண்டிக்கொள்கிறேன்.