இருக்கட்டும் என்று விட்ட குழாய்

'இருக்கட்டும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் சுள்ளென்று கோபம் வருகிறது. மீந்த சட்னியை ஃபிரிட்ஜில் வைக்கும்போது சொன்னால்கூட வருகிறது. என் கணவருக்கு இது தெரியும். அதனால் வீட்டில் அவர் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

போன வருஷ மழைக்காலத்தில் எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வாந்தியும் பேதியுமாகத் துவண்டு போனவளைத் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் ஹிஞ்சேவாடி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு அவளோடேயே தங்கினேன். உடம்பில் நீர் வற்றிய குழந்தைக்கு நரம்பு லேசில் அகப்படாது. இடது கையில் குத்தினார்கள், வலது கையில் குத்தினார்கள், மறுபடியும் இடது. அவள் போட்ட கத்தல் லிஃப்ட் வரை கேட்டிருக்கும். நானும் ஒரு சிஸ்டரும் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டோம். என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஒருவழியாகப் புறங்கை நரம்பில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஏறியது. கேனுலா என்பார்கள். அசையாமலிருக்க அட்டை வைத்து, துணியைச் சுற்றி, மேலே சிரிக்கிற கரடி ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டிவிட்டார்கள்.

டிரிப்ஸ் ஏறியது, வாந்தி நின்றது. இரண்டொரு நாளில் தயிர்சாதம் சாப்பிட்டாள், தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள், என் போனைப் பிடுங்கிக் கார்ட்டூன் பார்த்தாள். பாட்டிலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாய் மட்டும் கையிலேயே இருந்தது.

அதை எடுத்துவிடச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டேன். "ராஹு தே நா, தாயி," என்றார் மராத்தியில். இருக்கட்டுமே அக்கா என்று அர்த்தம். மறுபடி வாந்தி வந்தால் மறுபடி குத்த வேண்டியிருக்குமாம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். "ரஹ்னே தீஜியே," என்று அதையே இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். டப்பாவில் இட்லி எடுத்துக்கொண்டு வந்த நாத்தனார், "பாவம் புள்ள, திரும்பக் குத்துனா தாங்குமா? அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணி," என்றாள். என் கணவர், "இருக்கட்டுமே, உனக்கு என்ன அவசரம்?" என்றார்.

மூன்று மொழியில் ஒரே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவருக்குக் காசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. "உங்க பட்டறைல ஓட்ட போட்டு முடிச்சப்புறம் டிரில் பிட்ட உள்ளயே விட்டுட்டா வீட்டுக்கு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில வந்து சண்ட போடாத. நாளைக்கும் இவங்கதான் புள்ளயப் பாக்கணும்," என்றார்.

குழாய் அடைத்துக்கொள்ளக் கூடாதென்று அவ்வப்போது ஒரு சிஸ்டர் வந்து சிரிஞ்சால் உப்புநீர் செலுத்திவிட்டுப் போவார். ஒருநாள் போனில் பேசிக்கொண்டே வந்தவர், போனைப் பையில் போட்டுவிட்டு அதே கையால் குழாயின் மூடியைத் திருகி, எதையும் துடைக்காமல் சிரிஞ்சைப் பொருத்தினார். "கை கழுவினீங்களா?" என்று இந்தியில் கேட்டேன். முறைத்தார். அன்றிலிருந்து வார்டில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகிறது.

"ஹாத் துக்குதும்மா," என்றாள் மகள். கை வலிக்கிறது என்பதை அவள் இந்தியையும் தமிழையும் குழைத்து இப்படித்தான் சொல்வாள். துணியைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். பிரித்தால் குழாய் வெளியே வந்துவிடும் என்றார்கள். வரட்டுமே! அதைத்தானே நான் இத்தனை நாளாகத் தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

மறுநாள் மத்தியானம், டிஸ்சார்ஜுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் நடுங்கத் தொடங்கினாள். கட்டிலே ஆடியது. பல் தந்தியடித்தது. தொட்டால் கை சுடும்படி உடம்பு கொதித்தது. அப்போதுதான் துணியைப் பிரித்தார்கள். புறங்கை சிவந்து வீங்கி, குழாய் நுழைந்த இடத்தில் சீழ் கட்டியிருந்தது. அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஐசியுவில் சொன்னார்கள். பிழைத்துவிடுவாளா என்று கணவர் கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை.

மருந்து ஏற்ற இன்னொரு குழாய் வேண்டும், இந்தத் தடவை கழுத்தில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் குத்தினார்கள். ரத்தம் எடுக்கக் காலில் குத்தினார்கள். லிஃப்ட் வரை கேட்கக் கத்தியவள் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தாள். விரல்கூடச் சுருங்கவில்லை. எந்த அழுகைக்குப் பயந்து எல்லோரும் அந்தக் குழாயை விட்டுவைத்தார்களோ, அதைக் கேட்கத்தான் நான் அங்கே நின்று தவித்தேன். ஒரே ஒரு தடவை கத்த மாட்டாளா என்று.

பிழைத்தாள். வாரக்கணக்கில் மருந்து ஏற்றி, பாதியாக இளைத்து வீடு வந்தாள். கிளம்புகிற அன்று டாக்டர், "ஹோ ஜாதா ஹை, மேடம். குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி," என்றார். இப்படியெல்லாம் நடந்துவிடுமாம்! தானாக நடப்பதற்கு இது என்ன மழையா? குழாயைச் செருகியது நீங்கள், வேலை முடிந்தும் எடுக்காமல் விட்டது நீங்கள், கழுவாத கையால் தொட்டது நீங்கள், குறை மட்டும் என் பிள்ளை உடம்பிலா? முகத்துக்கு நேரே கேட்டேன். கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நாத்தனார் எல்லாம் சாமி புண்ணியம் என்றாள். தப்பு நடந்துவிட்டது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இந்த வருஷமும் மழையோடு வாந்தி வந்தது. வேறு ஆஸ்பத்திரி. டிரிப்ஸ் முடிந்து, அவளாகவே பிஸ்கட் கேட்டுத் தின்றதும் எழுந்து போய் சிஸ்டரைக் கூட்டிவந்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று அவர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார். வந்து பிளாஸ்திரியை உரித்தார். பூனைமுடியோடு சேர்ந்து உரிந்தது. மகள் வீறிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் அம்மா பாவம் பாவம் என்று இந்தியில் உச்சுக்கொட்டினார். என் கணவர் வழக்கம்போல வராந்தாவுக்குப் போய்விட்டார். அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

குழாய் வெளியே வந்தது. அவள் என் வயிற்றில் ஓங்கி உதைத்தாள்.

"கத்துடி கண்ணு," என்றேன். "நல்லா கத்து."