இடப்பக்கம் விழுந்தவர்கள்

அந்த வருஷம் பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா மூன்று வீடியோ கேம்களைக் கொண்டுவந்தார். மூன்றும் உள்ளங்கை அளவுதான். ஒன்றில் எதிரே வரும் கார்களுக்கு வழிவிட்டு ஓட்ட வேண்டும். இன்னொன்றில் கோழிகள் இடும் முட்டைகளைக் கூடையில் பிடிக்க வேண்டும். மூன்றாவதில் வானத்திலிருந்து ஆட்கள் குடை பிடித்து இறங்குவார்கள். கீழே ஆற்றில் படகை நகர்த்தி அவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் முதலை கவ்விவிடும். மூன்று பேர் தவறினால் ஆட்டம் முடிந்தது.

எனக்குப் பிடித்தது முட்டை. அப்பாவுக்குப் படகு. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக செந்துறைக்கு ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர். மத்தியான நடை முடிந்து வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு பெஞ்சில் சாய்ந்து படகை எடுப்பார். ஆனி வரை அவரை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அப்போது நான் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன், விரல்கள் வேகமாக ஓடும். அப்படியும் அவரிடம் தோற்றேன்.

ஆடி மாதத்தில் அவர் தோற்க ஆரம்பித்தார். முதலில் வயசு என்று நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வலப்பக்கம் இறங்கியவர்களில் ஒருவரைக்கூட அவர் விடவில்லை. மூன்று பேரும் இடப்பக்கம்தான் விழுந்தார்கள். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டத்திலும்.

"இடது பட்டன் போச்சு பாப்பா. அமுக்கினா கேக்க மாட்டேங்குது" என்றார்.

அவர் டூட்டிக்குப் போனதும் நான் ஆடிப் பார்த்தேன். பட்டன் நன்றாக வேலை செய்தது. கார் ஆட்டத்தை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். அதிலும் இடப்பக்கம் வந்த கார்களில்தான் மோதினார். மோதியபின், "எங்கேர்ந்து வந்துச்சு இது?" என்று கேட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னைக்குப் பொரியல் வைக்கலையா?" என்று அம்மாவிடம் கேட்டார். பொரியல் அவர் தட்டிலேயே, இடது ஓரத்தில் இருந்தது. அம்மா தட்டைத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் அரியலூருக்கு அவர் பஸ்ஸிலேயே போனேன். பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடி புதிதாக இருந்தது. கண்டக்டரிடம் கேட்டேன்.

"ரெண்டு மாசத்துல இது மூணாவது தங்கச்சி. அண்ணன் இப்பல்லாம் இந்தப் பக்கம் ஒட்டியே போறாரு. புளியமரத்துல உரசிட்டுப் போவுது."

வழியில் களை எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் சாலையின் இடது ஓரமாக நடந்து போனார்கள். பஸ் ஒதுங்கவில்லை. ஒருத்தி வாய்க்காலுக்குள் குதித்தாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு பெண் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "அடுத்த மாசம் உன்னப் பாக்க வராங்க. டிரைவர் வேலைய வச்சுத்தான் வராங்க. அது முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

நான் சரி என்றேன். அம்மா சொன்னதால் மட்டுமல்ல, மாப்பிள்ளையின் போட்டோவை ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். காலையில் அப்பா காக்கிச் சட்டை போடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். பஸ் ஊருக்குள் வரும் நேரத்தில் தண்ணீர் எடுக்கும் சாக்கில் வெளியே போய் நிற்பேன். ஹாரன் கேட்டபிறகுதான் குடத்தைத் தூக்க முடியும். படகு ஆட்டத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அவர் தேடவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஹாரன் கேட்கவில்லை. நான்கு மணிக்குக் கண்டக்டர் சைக்கிளில் வந்தார். பஸ்ஸை ஸ்டாப்பில் நிறுத்தப்போகும்போது இடது ஓரத்தில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த வேர்க்கடலை வியாபாரியின் காலில் சக்கரம் ஏறிவிட்டது.

"உயிருக்கு ஒண்ணுமில்ல. பாதந்தான்" என்றார்.

அப்பா இருட்டுவதற்குள் வந்தார். "ஆளே இல்ல அங்க. சத்தியமா ஆளே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எதிரே போய் நின்று என் இரண்டு கைகளையும் விரித்தேன்.

"என் மூக்கப் பாருங்கப்பா. எத்தன கை தெரியுது?"

"ஒண்ணு."

"இப்ப தலையத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். மற்றக் கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திருச்சி டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றார். மண்டைக்குள் கட்டி இருந்தது. மெட்ராஸில் அறுவை செய்து எடுத்தார்கள். அப்பா பிழைத்தார், ஆனால் இடப்பக்கம் கடைசிவரை இருட்டாகவே இருந்தது. லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெண் பார்க்க யாரும் வரவில்லை.

கடலைக்காரருக்கு இரண்டு கால் விரல்கள் போயின. அப்பா மெட்ராஸிலிருந்து திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒருநாள் நான் மட்டும் அவர் வீட்டுக்குப் போனேன். பதினொரு நாள் கணக்கை மறைக்காமல் சொன்னேன்.

"தெரிஞ்சேவா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி என்னிடம் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

"உங்கப்பா வாரந்தவறாம வந்து அழுதுட்டுப் போறாரு. அவருகிட்ட இதச் சொல்லிடாத. நீயும் இனிமே வராத."

நான் எழுந்து வந்தேன்.